பூங்காவை மேடாக்காதீர்கள்
வேலூரில் மனைப்பிரிவுகளுக்குள் பூங்காவுக்கென்று விட்ட இடத்தைச் சீரமைக்கிறோம் என்றாலே முதல் வேலை கிராவல் கொட்டி மேடாக்குவதுதான். மேலே பேவர் பிளாக், சுற்றிலும் ஆறடிச் சுவர். கத்திரி வெயிலில் சாயங்காலமும் அந்தத் தரை அனல் அடிக்கிறது. மழை பெய்தால் அங்கே விழும் தண்ணீர் தெருவுக்கு ஓடி, எதிர்வீட்டு வாசலில் நிற்கிறது.

முதலில் மட்டத்தை முடிவு செய்யுங்கள். நடைபாதை சாலை மட்டத்தில் இருக்கட்டும். சக்கர நாற்காலிக்குச் சரிவுத்தளமே தேவைப்படாது. நடுப்பகுதி முக்கால் அடி தாழ்ந்த புல்தரை, ஓரங்கள் மூன்றடிக்குச் சரிவாக. 10 சென்ட் இடத்தில் 5 செ.மீ. மழை பெய்தால் அதன்மேல் விழுவது மட்டுமே சுமார் 20,000 லிட்டர்; அதைத் தேக்கி மண்ணுக்குள் இறக்கத்தான் இந்தப் பள்ளம். ஏற்கெனவே மரம் நிற்கும் இடத்தில் மட்டும் தோண்டக் கூடாது, வேர் அறுந்துவிடும்.

மண் தண்ணீரைக் குடிக்கிறதா என்று எஸ்டிமேட் போடும் முன்பே பார்க்க வேண்டும். ஓரடி அகலம், இரண்டடி ஆழக் குழியில் நீர் நிரப்பி வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கவும். ஓர் அங்குலத்துக்கு மேல் என்றால் கவலையில்லை. மலையடிவாரத் தெருக்களில் சீக்கிரமே பாறை தட்டும். அங்கே உறிஞ்சுகுழி வீண் செலவு. புல்தரைப் பள்ளத்தை அரையடியாகக் குறைத்து, மிச்ச நீர் மழைநீர் வடிகாலுக்குப் போகக் குழாய் வையுங்கள். இரண்டு நாளுக்கு மேல் நீர் தேங்க விட்டால் கொசு பெருகும்.

தெருவில் ஓடும் மழைநீரையும் உள்ளே விடலாம், இரண்டடிச் சதுர வண்டல் தொட்டி வழியாக. சாக்கடை கலக்கும் கால்வாயை மட்டும் இணைக்கவே கூடாது. தொட்டியை வைகாசிக்குள் தூர்வாருங்கள். ஐப்பசி மழைக்குத்தானே என்று விட்டால், ஆடி ஆவணி இடிமழையிலேயே அடைத்துக்கொள்ளும்.

வேம்பு, புங்கன் இரண்டும் மேற்கு ஓரத்தில், மூன்றடிக் குழியில். அடிமரத்தைச் சுற்றி நாலடிக்கு நாலடி மண் திறந்தே கிடக்க வேண்டும். அடிவரை சிமெண்ட் பூசினால் வேருக்குக் காற்றும் இல்லை, நீரும் இல்லை. பெஞ்சுகள் மரத்துக்குக் கிழக்கே இருந்தால்தான் பிற்பகல் நிழல் அவற்றின்மேல் விழும்.

சுவரை இரண்டடியாக்கி மேலே கம்பி வையுங்கள். தெருவிலிருந்து உள்ளே தெரிகிற பூங்காவுக்குத்தான் பெண்கள் தைரியமாக வருவார்கள். பகல் 11 முதல் 4 வரை கேட்டைப் பூட்டும் வழக்கத்தையும் விட வேண்டும்: துப்புரவுப் பணியாளர்களுக்கும் தள்ளுவண்டிக்காரர்களுக்கும் நிழல் வேண்டியது அந்த நேரத்தில்தான். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு குடிநீர்க் குழாயையும் எஸ்டிமேட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.