பிகினித் தீவின் தேங்காயை ஏன் சாப்பிடக்கூடாது?

1946-ல் பசிபிக் கடலின் பிகினிப் பவளத்தீவிலிருந்து 167 பேரை அமெரிக்கக் கடற்படை கப்பலேற்றி அனுப்பியது. அணுகுண்டுச் சோதனை முடிந்ததும் ஊர் திரும்பலாம் என்று அவர்கள் நம்பினார்கள். 1958 வரை அங்கே 23 அணுகுண்டுகள் வெடித்தன. 1954-ல் வெடித்த பிராவோ மட்டும் 15 மெகாடன், அதாவது ஹிரோஷிமாவில் விழுந்ததைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு.

அந்த மக்கள் இன்னும் ஊர் திரும்பவில்லை. சர்வதேச அணுசக்தி முகமை 1998-ல் சொன்னது இது: பிகினியில் நடமாடலாம், தண்ணீர் குடிக்கலாம், கடல் மீனைச் சாப்பிடலாம். ஆனால் அந்த மண்ணில் விளைவதைத் தின்றே குடியிருந்தால், ஆண்டுக்குச் சுமார் 15 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு உடலில் சேரும். இயற்கையாக நாம் எல்லோரும் வாங்குவது சராசரியாக 2.4 தான்.

சிக்கல், அணுகுண்டு வெடிப்பில் உண்டாகும் கதிரியக்கப் பொருளான சீசியம்-137-ல் இருக்கிறது. வேதியியல் குணத்தில் இது பொட்டாசியத்துக்கு நெருங்கிய உறவு. களிமண் உள்ள நிலத்தில் விழுந்தால் களிமண் துகள்கள் சீசியத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். வேருக்கு அதிகம் போகாது. பவளத்தீவில் களிமண்ணே கிடையாது. எல்லாம் சுண்ணாம்பு மணல், பொட்டாசியமோ மிகக் குறைவு. பொட்டாசியத்துக்கு ஏங்கும் தென்னை, கிடைக்கிற சீசியத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அது இளநீருக்கும் பருப்புக்கும் போகிறது. ஈரப்பலா, தாழம்பழம், தேங்காய் நண்டு எல்லாவற்றிலும் இதே கதைதான். வெடிப்பில் உண்டாகும் இன்னொரு கதிரியக்கப் பொருளான ஸ்ட்ரான்சியம்-90 விஷயத்தில் நடந்தது நேர்மாறு. அது கால்சியத்தின் உறவு; பவள மண்ணில் கால்சியம் கொட்டிக் கிடப்பதால் செடிகள் அதை அவ்வளவாக எடுப்பதில்லை.

இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாததன் விலையை மக்கள்தான் கொடுத்தார்கள். 1968-ல் அதிபர் ஜான்சன் திரும்பலாம் என்று அறிவித்தார். எழுபதுகளில் சில குடும்பங்கள் போய்க் குடியேறின. உணவு வழியாக உள்ளே போகும் அளவை நிபுணர்கள் குறைத்துக் கணித்திருந்தார்கள். ஆட்களின் உடலிலிருந்து வெளிவரும் காமாக் கதிரை அளந்தபோது, சீசியம் ஏறிக்கொண்டே போனது தெரிந்தது. 1978-ல் எல்லோரையும் மறுபடி வெளியேற்றினார்கள். ஒரே ஊரை இரண்டு முறை இழப்பது எவ்வளவு பெரிய கொடுமை!

சரி, என்ன செய்யலாம்? மேல்மண்ணை 40 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்தால் சீசியத்தில் பெரும்பகுதி போய்விடும். ஆனால் அந்தத் தீவில் வளம் என்று இருப்பதே அந்த மேல்மண்தான். பல தலைமுறை இலைதழை மக்கி உண்டானது. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் வேறு வழி கண்டது. தென்னைக்குப் பொட்டாசியம் குளோரைடு போட்டார்கள். நம் தோப்புகளுக்குப் போடும் அதே பொட்டாஷ் உரம். மரத்தின் பசி அடங்கியது, காயில் சீசியம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. வீடுகளைச் சுற்றி மட்டும் மண்ணை அகற்றி, தோப்புகளுக்குப் பொட்டாஷ் போடலாம் என்பது முகமையின் யோசனை. எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது.

மழையும் உதவுகிறது. சீசியம்-137 தானாகப் பாதியாக 30 ஆண்டு ஆகும். ஆனால் மழைநீர் அதை வேருக்கு எட்டாத நிலத்தடி நீருக்கு இழுத்துச் செல்வதால், காய்களில் சுமார் ஒன்பது ஆண்டிலேயே பாதியாகிறது என்று லிவர்மோர் அளவீடுகள் காட்டின. உரம் போடுவதை மட்டும் நிறுத்திவிட முடியாது. பொட்டாசியமும் அதே மழையில் கரைந்து போகும், மண்ணில் மிச்சமிருக்கும் சீசியம் மீண்டும் காய்க்கு ஏறும். குடியேறுபவர்கள் அடுத்த பல பத்தாண்டுகளுக்கு உரமும் அளவீடும் தடையின்றிக் கிடைக்கும் என்ற உறுதியோடுதான் போக முடியும்.