6 மில்லிமீட்டர் கட்டிக்கு உடனே கத்தி வைக்க வேண்டுமா?

போன மாதம் ஓ.பி. முடிகிற நேரத்தில் 60 வயது தாண்டிய ஓர் அம்மாவை அவர் மகன் கூட்டி வந்தார். தலைசுற்றல் என்று போன இடத்தில் கழுத்து ரத்தக்குழாய்க்கு ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள், குழாயில் கோளாறு இல்லை, ஆனால் பக்கத்தில் தைராய்டில் 6 மில்லிமீட்டரில் ஒரு கட்டி. ஊசி போட்டுக் கட்டியின் செல்களை எடுத்துப் பார்த்ததில் பாப்பிலரி என்ற வகைத் தைராய்டு புற்றுநோய். "நாளைக்கே ஆபரேஷன் வெச்சுக்கலாமா டாக்டர்?" என்றார் மகன், உட்காரக்கூட இல்லை.

நான் கத்தி பிடிக்கிறவன். ஆனாலும் "இப்போதைக்கு வேண்டாம்" என்றேன். அதைப் புரியவைக்கத்தான் முக்கால் மணி நேரம் ஆனது.

ஜப்பானில் கோபே நகரின் குமா மருத்துவமனையில் அகிரா மியாவுச்சி என்ற அறுவை மருத்துவர் சொன்ன யோசனைப்படி, இத்தகைய சின்னக் கட்டிகளை அறுக்காமல் ஸ்கேனில் கண்காணித்து வருவதை 1993-லேயே தொடங்கிவிட்டார்கள். வேறு காரணத்தால் இறந்தவர்களின் தைராய்டை நறுக்கிப் பார்த்தால் பலரிடம் இப்படிப் பொடிக்கட்டிகள் கிடைக்கும் (பின்லாந்தில் 1985-ல் வந்த ஆய்வில் மூன்றில் ஒருவருக்கு இருந்தது). அப்படியென்றால் பெரும்பாலானவை ஆளை ஒன்றும் செய்யாமல் கூடவே இருந்துவிட்டுப் போகின்றன என்றுதானே அர்த்தம்? குமா மருத்துவமனையில் 1,235 பேரைத் தொடர்ந்து கவனித்து 2014-ல் வெளியிட்ட கணக்கில், 10 ஆண்டுகளில் கட்டி இருந்ததைவிட 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெரிதானது சுமார் 8 சதவீதம் பேருக்கு, கழுத்து நெறிகளுக்கு (நிணநீர்க் கணுக்களுக்கு) பரவியது 3.8 சதவீதம் பேருக்கு. இந்தப் புற்றுநோயால் இறந்தவர் ஒருவரும் இல்லை. வயதானவர்களுக்குத்தான் இது இன்னும் மெதுவாக வளர்கிறது, இளவயதுக்காரர்களிடம்தான் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும்.

தென்கொரியாவில் நேர்மாறாக நடந்தது. ஸ்கேன் மலிந்து, 1993-க்கும் 2011-க்கும் இடையில் தைராய்டு புற்றுநோய்க் கணக்கு 15 மடங்கானது, இறப்பு விகிதமோ அப்படியே இருந்தது. கண்டுபிடிக்கப்பட்ட எல்லோருக்குமே கிட்டத்தட்ட அறுவை நடந்தது. அறுவை என்றால் கழுத்தில் ஒரு தழும்பு மட்டும் இல்லை: குரல் நரம்பு பாதிக்கப்பட்டுத் தொண்டை கம்மலாம், தைராய்டை ஒட்டியிருக்கும் பாராதைராய்டு என்ற குட்டிச் சுரப்பிகள் பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கால்சியம் இறங்கி விரல் மரத்துப்போகலாம், சுரப்பி முழுதும் எடுத்தால் வாழ்நாள் முழுக்க காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை.

சரி, எல்லோரும் காத்திருக்கலாமா? கூடாது. கட்டி 1 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், மூச்சுக்குழாயையோ குரல் நரம்பின் பாதையையோ ஒட்டியிருக்கக் கூடாது, நெறி கட்டியிருக்கக் கூடாது. முதல் ஓரிரு வருடம் 6 மாதத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருடம் ஒருமுறை ஸ்கேன். முடிந்தவரை ஒரே இடத்தில் எடுங்கள், ஆள் மாறினால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடக்குறைய வந்து வீண் பீதி. "பார்த்துக்கலாம்" என்று போய்விட்டு மூன்று வருடம் கழித்து வருகிறவருக்கு இது சரிப்படாது.

இன்னொன்று, இது மருத்துவர்களுக்கும் சேர்த்து. 1 சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டியில், நெறியில் சந்தேகம் எதுவும் இல்லாதபோது, ஊசியே போடாமல் விடலாம் என்றுதான் அமெரிக்க தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டுதலே சொல்கிறது. இந்த அம்மாவுக்கும் அப்படி விட்டிருந்தால் வீட்டில் ஒரு மாதத் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

"வளர்ந்துட்டா?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டார் மகன். அப்போது ஆபரேஷன் செய்தால் போதும் தம்பி, ஜப்பானில் அப்படிக் காத்திருந்து செய்துகொண்டவர்களும் நன்றாகத்தான் இருந்தார்கள் என்றேன். ஒருவழியாகத் தலையாட்டினார்.

அதுவரை வாயே திறக்காத அம்மா எழுந்திருக்கும்போதுதான் கேட்டார்: "அது இருக்கட்டும் டாக்டர், என் தலைசுத்தலுக்கு என்ன பண்றது?"

அதை யாருமே கவனிக்கவில்லை. படுக்கையில் புரளும்போது மட்டும் வருகிறதாம். காதுக் கோளாறாக இருக்கலாம் என்று காது மருத்துவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன்.