அகலமான ஸ்கீ: எத்தனை மில்லிமீட்டர் போதும்?

சீசன் தொடங்கும் முன் சர்வீஸுக்கு வரும் ஸ்கீகளில், அதாவது பனிச்சறுக்குப் பலகைகளில், ஒரு ரகத்தை மேசையில் கவிழ்த்ததுமே அடையாளம் கண்டுவிடலாம். நடுவில் 112 அல்லது 115 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். அடிப்பக்கத்தின் மத்தியில் போன சீசனில் போட்ட வேக்ஸ் அப்படியே இருக்கும். காலடிக்குக் கீழே, எஃகு விளிம்பை ஒட்டி, ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் கருப்பு போய்ச் சாம்பல் பூத்ததுபோல் வெளுத்திருக்கும். தடவினால் சொரசொரக்கும். புதுப் பனியிலேயே ஓடிய பலகைக்கு இப்படி வெளுக்காது. இயந்திரம் ஓட்டிச் சமன்செய்த கெட்டிப் பனியில் விளிம்பைச் சாய்த்துச் சாய்த்துத் திரும்பியதில் அந்த இடத்து வேக்ஸ் மட்டும் தேய்ந்து போயிருக்கிறது. பவுடர் என்கிற பொடிபோன்ற புதுப் பனிக்கென்று ஆசையாக வாங்கிய ஜோடி, ஓடியதெல்லாம் கெட்டிச் சரிவில்.

ஸ்கீ பொருத்துவதும் பழுது பார்ப்பதும்தான் என் வேலை. "ஒரே ஜோடிதான் வாங்கப் போகிறேன், எல்லாத்துக்கும் ஆகணும், கொஞ்சம் அகலமாகவே கொடுங்க" என்று கேட்டு வருபவர்கள் வருடா வருடம் கூடிக்கொண்டே போகிறார்கள். லிஃப்டில் ஏறி ரிசார்ட்டின் எல்லைக்குள்ளேயே சறுக்குபவர்களுக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடு அகலம் 88 முதல் 100 வரை போதும். பனி அடிக்கடி, நிறையப் பொழியும் மலை என்றால் 106 வரை போகலாம். 110-க்கு மேல் உள்ளதை ஒரே ஜோடியாக வைத்துக்கொள்வதை நான் பரிந்துரைப்பதில்லை.

ஸ்கீயின் மேல் 132-98-120 என்பதுபோல் மூன்று எண்கள் அச்சிட்டிருக்கும். முனை, நடு, வால் ஆகியவற்றின் அகலம், மில்லிமீட்டரில். கடையில் பேசும்போது அகலம் என்றால் அந்த நடு எண்தான். மாடல் பெயரிலேயே அதைப் போட்டுவிடும் நிறுவனங்களும் உண்டு. சிலவற்றில் நீளம் மாறினால் நடு அகலமும் ஓரிரு மில்லிமீட்டர் மாறும், அதனால் நீங்கள் வாங்கும் நீளத்தில் என்ன எண் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அகலம் கூடினால் பனியில் புதையாது என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு கூடினால் எவ்வளவு? 180 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பலகையின் அடிப்பரப்பு ஏறக்குறைய 2000 சதுர சென்டிமீட்டர். முனையிலிருந்து வால் வரை 10 மில்லிமீட்டர் அகலத்தைக் கூட்டினால் சேர்வது 180 சதுர சென்டிமீட்டர். பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. 98-லிருந்து 108-க்குத் தாவினால் கிடைப்பது இவ்வளவுதான். முனை எவ்வளவு மேல்நோக்கி வளைந்திருக்கிறது என்பதற்கு மிதப்பில் இதைவிடப் பெரிய பங்கு உண்டு.

இதைச் செய்து காட்டியவர் ஷேன் மெக்காங்கி என்ற ஸ்கீ வீரர். அலாஸ்காவின் ஆழ்ந்த பனியில் நீர்ச்சறுக்குப் பலகைகளில் பைண்டிங் (பூட்ஸை ஸ்கீயோடு பூட்டும் பிடி) பொருத்தி இறங்கிப் பார்த்தவர். அவருடைய யோசனையில் உருவான வோலன்ட் ஸ்பாட்டுலா 2002-ல் விற்பனைக்கு வந்தது. முனையும் வாலும் மேலே வளைந்து, நடுவில் அகலம் கூடி, அதுவரை இருந்த ஸ்கீயின் வடிவத்தையே தலைகீழாக்கிய பலகை அது. பவுடரில் அற்புதம், கெட்டிப் பனியில் அவஸ்தை. இன்றைய பொதுப்பயன் ஸ்கீகள் அந்த யோசனையில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டன. முனையில் ராக்கர் என்கிற மேல்வளைவு, காலடியில் கேம்பர் என்கிற பழைய வில்வளைவு. அதனால்தான் 96, 98 அகலத்தில் ஒரு நல்ல ஸ்கீ 20 சென்டிமீட்டர் புதுப் பனியைத் தடுமாறாமல் கடந்துவிடுகிறது.

கடையில் இதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். இரண்டு பலகைகளையும் அடிப்பக்கம் ஒன்றையொன்று பார்க்கும்படி சேர்த்துப் பிடியுங்கள். முன்பக்கம் எங்கே பிரியத் தொடங்குகிறது என்று பாருங்கள், அதுதான் ராக்கர். நடுவில் தெரியும் இடைவெளி கேம்பர். இப்போது நடுவில் இரண்டையும் இறுக்கிச் சேருங்கள். இடைவெளி மூடும்போது முனைப் பக்கம் இன்னும் விரியும். இறுக்கிய நிலையிலும் நீண்ட தூரத்துக்கு ஒட்டியே இருக்கும் ஸ்கீ கெட்டிப் பனியை நன்றாகப் பிடிக்கும். பாதிக்கு மேல் பிரிந்து நிற்பது மென்பனிக்கான ரகம். அப்புறம் முனையைக் கையால் முறுக்கிப் பாருங்கள். சுலபமாக முறுகினால் பனிக்கட்டிச் சரிவில் அது உங்களைக் கைவிடும். பலகையை வளைத்துப் பார்த்துத் தலையாட்டுபவர்களை நிறையப் பார்க்கிறேன். அதில் எனக்கே பெரிதாக எதுவும் தெரிவதில்லை.

ரிசார்ட்டில் ஒரு பனிப்பொழிவு எப்படிப் போகிறது என்று யோசியுங்கள். காலையில் லிஃப்ட் திறந்து ஒன்றிரண்டு மணி நேரம் புதுப் பனி. மதியத்துக்குள் எல்லோரும் ஓடி ஓடி அது துண்டுதுண்டாக, மேடும் பள்ளமுமாக ஆகிவிடும். மறுநாள் இயந்திரம் ஓட்டிச் சமன்செய்துவிடுவார்கள். அதற்கடுத்த நாட்கள் கெட்டிப் பனிதான். நீங்கள் அதிகம் சறுக்கப் போவது கலைந்த பனியிலும் கெட்டிப் பனியிலும். கலைந்த பனியில் உதவுவது அகலத்தைவிட எடையும் விறைப்பும்தான். அகலமாகவும் இலேசாகவும் இருக்கிற ஸ்கீ ஒவ்வொரு பனிக்கட்டியிலும் தட்டுப்பட்டுத் திசை மாறும். நோர்டிகா என்ஃபோர்சர் 100-ல் டைட்டனல் என்கிற அலுமினியக் கலவைத் தகடு இரண்டு அடுக்கு உண்டு. சலோமோன் கியூஎஸ்டி 98-ல் முழு நீளத்துக்கு அப்படித் தகடு கிடையாது. அகலம் கிட்டத்தட்ட ஒன்றுதான், குணம் வேறு. வேகமாக, கனமாக அழுத்திச் சறுக்குபவருக்கு முன்னது. மெதுவாக, மரங்களுக்கிடையே சுருக்கமாகத் திரும்பிப் போக விரும்புபவருக்குப் பின்னது. (டைட்டனலை டைட்டானியம் என்று சொல்லி விற்கும் ஆட்களும் உண்டு. இரண்டும் ஒன்றல்ல.)

சரி, முழங்காலுக்கு வருவோம். அகலத்தைப் பற்றி என்னிடம் பேசுபவர்களில் இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. பெரியவர்களுக்கான ஸ்கீ பூட்ஸின் அடி, முன்பக்கம் சுமார் 69 மில்லிமீட்டர் அகலம். 70 மில்லிமீட்டர் ஸ்கீயில் நின்றால் எஃகு விளிம்பு கிட்டத்தட்ட பூட்ஸின் ஓரத்துக்கு நேர் கீழே இருக்கும். 110-ல் அது ஒவ்வொரு பக்கமும் 20 மில்லிமீட்டர் வெளியே தள்ளிப் போகிறது. மென்பனியில் பிரச்சினை இல்லை, பலகை முழுவதையும் பனி தாங்கிக்கொள்ளும். கெட்டிப் பனியில் மொத்த பாரமும் அந்த ஒரு விளிம்பில் நிற்கும். சாய்த்த பலகையை மறுபடி தட்டையாக்கப் பார்க்கும் அந்த விசை, நெம்புகோல் நீண்டதால் கூடுகிறது. கணுக்காலைப் பூட்ஸ் இறுக்கிப் பிடித்திருக்கிறது, அதனால் திருகல் மேலே ஏறி முழங்காலில் போய் விழுகிறது. ஸ்கீயின் நடு அகலம் மாறினால் திரும்பும்போது முழங்கால் மூட்டின் அசைவே மாறுகிறது என்று 2015-ல் ஸ்லோவேனியாவின் ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள்.

நான் மருத்துவன் இல்லை. ஆனால் சாயங்காலம் முழங்காலின் உள்பக்கம் வலிக்கிறது என்று சொல்பவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, கெட்டிப் பனியில் எத்தனை மில்லிமீட்டர் ஸ்கீ ஓட்டினீர்கள் என்பதுதான். தசைநார் அறுந்து அறுவை செய்துகொண்டவர்களும் மெனிஸ்கஸ் என்கிற முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்தவர்களும் பெரும்பாலும் சமன்செய்த சரிவுகளில்தான் போகிறார்கள் என்றால் 90-க்குள் நிற்பது நல்லது. தங்கள் பிசியோதெரபிஸ்ட்டிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடட்டும்.

நீளத்துக்கு ரொம்ப யோசிக்க வேண்டாம். தாடைக்கும் நெற்றிக்கும் நடுவில். உயரத்தைவிட உடல் எடையையும் வேகத்தையும் பார்த்து முடிவு செய்யுங்கள். முனையில் ராக்கர் அதிகமாக இருந்தால் ஒரு அளவு கூட்டிக்கொள்ளலாம்.

பைண்டிங் விஷயத்தில்தான் நான் கொஞ்சம் கறார். பழைய ஸ்கீயிலிருந்து பைண்டிங்கைக் கழற்றிக்கொண்டு வந்து புது அகல ஸ்கீயில் போடச் சொல்வார்கள். கழன்ற ஸ்கீயை நிறுத்தும் அதன் பிரேக் 85 மில்லிமீட்டருக்கானது, பலகை 100. பிரேக் கைகள் பலகையின் ஓரத்தில் சிக்கி இறங்காது. கழன்ற ஸ்கீ சரிவில் தானாக ஓடி, கீழே நிற்பவரின் காலில் பாயும். அதற்காக ஒரேயடியாக அகலமான பிரேக்கும் கூடாது. சாய்த்துத் திரும்பும்போது அது பனியில் உரசும். பலகையைவிட அதிகபட்சம் 15 மில்லிமீட்டர் அகலம் சரி. பிரேக்கை மட்டும் மாற்றிக்கொள்ளும் வசதி பல பைண்டிங்குகளில் உண்டு, பைண்டிங்கையே தூக்கிப்போட வேண்டிய அவசியம் இல்லை.

இன்னொன்று பூட்ஸின் அடி. இப்போது வரும் பூட்ஸ்களில் நடக்க வசதியாக ரப்பர் வைத்து வளைத்த கிரிப்வாக் அடி நிறைய. அதற்கு ஏற்றது என்று குறிப்பிடாத பழைய பைண்டிங்கில் அதை மாட்டலாம், 'டக்' என்று பூட்டிக்கொள்ளவும் செய்யும். ஆனால் விழும்போது சரியாகக் கழலும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும் அகல ஸ்கீகளில் மாட்டிக்கொள்வது இங்கேதான். எந்தப் பழைய பைண்டிங்குகளுக்கு இன்னும் பொறுப்பேற்கிறோம் என்று தயாரிப்பாளர்கள் பட்டியல் வெளியிடுகிறார்கள். பட்டியலிலிருந்து விழுந்துவிட்டதைப் பட்டறையில் தொடமாட்டோம். வாங்கும் முன் மாடலைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

கழலும் அளவு, அதாவது டின் எண், உங்கள் எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், சறுக்கும் விதம் ஆகியவற்றை வைத்து அட்டவணையிலிருந்து எடுப்பது. 50 வயதானதும் அட்டவணையில் எண் ஒரு படி இறங்கும். அகலத்துக்கு அதில் இடமே இல்லை. பவுடரில் கழன்றால் ஸ்கீ தொலைந்துவிடும் என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்து எண்ணை ஏற்றிக்கொள்கிறார்கள். தொலையாமல் இருக்க, பைண்டிங்கில் கட்டிவிடும் பளிச்சென்ற நீள ரிப்பன் இருக்கிறது. எண்ணை ஏற்றினால் பலகை பத்திரமாக இருக்கும், கணுக்காலுக்கு மேல் எலும்பு இருக்காது. சரியான எண்ணில் வைத்தாலும் முழங்காலின் தசைநாரைப் பைண்டிங் முழுமையாகக் காப்பாற்றிவிடாது, அது வேறு.

முடிந்தால் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். புதுப் பனி நாளில் மட்டும் பார்க்காதீர்கள், அன்று எல்லா அகல ஸ்கீயும் நன்றாகத்தான் இருக்கும். மூன்று நான்கு நாட்கள் பனி விழாத காலையில், நிழல் விழும் கெட்டிச் சரிவில் ஒரு முறை இறங்குங்கள். அப்புறம் மதியம் கலைந்த பனியில். வாடகை ஸ்கீயின் விளிம்பு மழுங்கியிருந்தால் பழி ஸ்கீமேல் விழும், அதனால் தீட்டியதுதானா என்று எடுக்கும்போதே கேளுங்கள்.

அகல ஸ்கீ கிடைத்ததும் கயிறு கட்டிய எல்லைக்கு அப்பால் கண் போகும். மலையிலிருந்து சரிந்து விழும் பனிக்கு உங்கள் பலகையின் அகலம் தெரியாது. அது தனிப் பாடம், தனிப் பயிற்சி.

பணம் எதற்கு முதலில் என்று கேட்டால், பூட்ஸுக்கு. பூட்ஸுக்குள் குதிகால் தூக்கிக்கொண்டிருந்தால், நீங்கள் காலைச் சாய்த்து சற்று நேரம் கழித்துத்தான் ஸ்கீ சாயும். பலகை அகலமாக இருக்கும்போது அந்தத் தாமதம் இன்னும் துருத்திக்கொண்டு தெரியும். புது ஸ்கீ சரியில்லை என்று திரும்பி வருபவர்களில் சிலருக்கு நான் பலகையைத் தொடுவதே இல்லை. பூட்ஸின் பக்கிள்களை எல்லாம் அவிழ்த்து, உள்பூட்ஸை வெளியே எடுத்து, வெறும் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல்கள் முன்னால் தொடும்படி நிற்கச் சொல்வேன். குதிகாலுக்குப் பின்னால் என் இரண்டு விரல்கள் தாராளமாகப் போய் வந்தால் பூட்ஸ் பெரிசு. அவர்களுக்கு ஒரு அளவு சின்ன பூட்ஸ் போதும், பழைய ஸ்கீயே இன்னும் இரண்டு சீசன் ஓடும்.