மனிதவளம்: ‘ரெண்டு வளம் வேணும்’னு ஏன் சொல்ல வரல?

எங்க ஆபீஸ்ல எஸ்டிமேட் போடுற எக்செல் ஷீட்ல ஒரு வரிசைக்கு தலைப்பு ரிசோர்ஸ்னு இருக்கும், வேலை செய்ற ஆளத்தான் அப்படி சொல்றது, அதுக்கு கீழ ரிசோர்ஸ் 1, ரிசோர்ஸ் 2ன்னு போயிட்டே இருக்கும், பக்கத்துல எத்தன மணி நேரம், மணிக்கு என்ன ரேட்டு. பேரு கிடையாது. மீட்டிங்லயும் தமிழ்ல பேசிட்டிருக்கும்போதே ‘இன்னும் ரெண்டு ரிசோர்ஸ் கேட்டிருக்கேன்’னு வந்துரும். சரி, ரிசோர்ஸுக்கு தமிழ் வளம்தானே, அதயே ‘இன்னும் ரெண்டு வளம் கேட்டிருக்கேன்’னு ஒரு தடவ வாய்விட்டு சொல்லிப் பாருங்க. வரவே வராது. மனிதவளம்ங்கற சொல்லப் பத்தி எழுதணும்னு எனக்கு தோணுனதே அங்கதான்.

மண்வளம், நீர்வளம், சொல்வளம், குரல்வளம்னு எத எடுத்தாலும் வளம்ங்கறது ஒண்ணுக்குள்ள இருக்கிற செழிப்பு, தனியா பிரிச்சு எடுத்து எண்ற பொருள் இல்ல. இயற்கை வளங்கள்னு பன்மையில சொன்னாக்கூட காடு, ஆறு, கனிமம்னு வகையத்தான் சொல்றோம். வளமை, வளப்பம், வளர், வளர்ச்சி எல்லாமே இதுக்கு சொந்தக்கார சொல்லுங்க, சோழனுக்கு வளவன்னு ஒரு பேரு, ராஜராஜன் காலத்துல நாட்டுப் பிரிவுக்கே வளநாடுன்னு பேரு. அதனால மனிதவளம்னா மனுஷனே வளம்னு ஆளுக்கு ஒரு நம்பர் போடுறது இல்ல, மனுஷங்ககிட்ட இருக்கிற செழிப்புன்னு படிக்கிறதுதான் எனக்கு சரியா படுது.

ரிசோர்ஸ்ங்கற இங்கிலீஷ் சொல்லும் பொறக்கும்போது இப்படி நம்பர் போட்டு எண்ற பொருளா இல்ல. பழைய பிரெஞ்சுல மறுபடி எழுறது, தேறி வர்றதுங்கற அர்த்தத்துல இருந்த வினையிலேர்ந்து வந்தது, அதுக்கு மூலம் லத்தீன். ஊத்துத்தண்ணி மேல வர்றதுக்கு பிரெஞ்சுக்காரங்க சொல்ற சோர்ஸும் அதே வேர்தான். எடுக்க எடுக்க திரும்ப ஊறணும்ங்கறது அந்த சொல்லுக்குள்ளயே இருந்திருக்கு, நடுவுலதான் அது மறந்துபோச்சு.

ஹெச்ஆர், அதாவது ஹியூமன் ரிசோர்ஸ் டிபார்ட்மென்ட் வந்த கதை தனி. 1901ல அமெரிக்காவுல டேட்டன் ஊர்ல நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனியில பெரிய தகராறு ஆகி வேலை நின்னுபோச்சு, அதுக்கப்புறம் தொழிலாளிங்க குறைய கேக்குறதுக்குன்னு தனியா ஆள் போட்டாங்க, அப்போ பர்சனல் டிபார்ட்மென்ட்னு சொன்ன பணியாளர் துறைக்கு இதத்தான் ஆரம்பமா பெரும்பாலும் சொல்வாங்க. ஹியூமன் ரிசோர்ஸ்ங்கற பேச்ச நிர்வாக உலகத்துல நல்லா பரப்புனவர் நிர்வாகவியல் எழுத்தாளர் பீட்டர் டிரக்கர், 1954ல. 1959ல அவரே நாலெட்ஜ் வொர்க்கர்னு இன்னொரு பேச்சயும் எடுத்தாரு, அறிவ வெச்சு வேலை செய்றவன்கிட்ட உற்பத்திக் கருவி அவன் தலைக்குள்ளயே இருக்கு, சாயங்காலம் அவனோட அதுவும் வீட்டுக்குப் போயிரும். நம்ம நாட்டுல 1985ல கல்விக்கான அமைச்சகத்துக்கே மனிதவள மேம்பாட்டு அமைச்சகம்னு பேரு வெச்சாங்க, 2020ல மறுபடி கல்வி அமைச்சகம் ஆக்கிட்டாங்க. பக்கத்துல ஹியூமன் கேப்பிட்டல்னு ஒண்ணு இருக்கு, மனித மூலதனம். ஜெர்மனியில மொழி அறிஞர்கள் வருஷா வருஷம் ஒரு மோசமான சொல்ல தேர்ந்தெடுப்பாங்க, 2004ல அந்த இடத்துக்கு வந்தது இந்த சொல்லுதான், மனுஷன வெறும் பணக்கணக்கா ஆக்குதுன்னு. எனக்கும் அதே எண்ணம்தான், அதனால மூலதனத்த விட வளம் எவ்வளவோ மேல்.

எங்க ஊரு மன்னார்குடி பக்கம். அறுப்பு முடிஞ்சதும் ராமநாதபுரத்துலேர்ந்து கீதாரிங்க, அதாவது ஊர் ஊரா போய் ஆடு மேய்க்கிறவங்க, ஆட்ட ஓட்டிட்டு வருவாங்க, ராத்திரி வயல்ல பட்டி கட்டி ஆட்ட அடைப்பாங்க, கிடை போடுறதுன்னு பேரு. மறுநாள் பட்டிய பிடுங்கி தள்ளிப் போடுவாங்க, அடுத்த நாள் இன்னும் தள்ளி, இப்படியே வயல் முழுக்க புழுக்கையும் மூத்திரமும் விழும், அதுதான் வயலுக்கு எரு. தாத்தா ராத்திரிக்கு இவ்வளவுன்னு கூலி கொடுத்துதான் இத பண்ணுவாரு, அந்த நேரத்துல வயல்லேர்ந்து ஒரு மணி நெல்லு வராது. ஆனா வயல் சும்மா கிடக்குன்னு எங்க வீட்டுல யாரும் சொல்லி நான் கேட்டதில்ல.

நான் முன்னாடி வேலை பாத்த ஒரு கம்பெனியில ஒரு அக்கா ஆறு வருஷம் ஒரே கிளையன்ட்டோட ஒரே நாலு ஸ்க்ரீன டெஸ்ட் பண்ணிட்டிருந்தாங்க. ட்ரெயினிங் கேட்டப்போ எல்லாம் ரிலீஸ் முடியட்டும்மான்னாங்க. ப்ராஜெக்ட் முடிஞ்சு, அடுத்த ப்ராஜெக்ட் கிடைக்காம பெஞ்ச்சுக்கு வந்த ரெண்டாவது மாசம், உங்ககிட்ட இப்போதைய ஸ்கில் இல்லன்னு சொல்லி பேப்பர் போட வெச்சுட்டாங்க, அதாவது ராஜினாமா பண்ண வெச்சுட்டாங்க. அவங்க சத்தமே போடல, டப்பர்வேர் டப்பாவயும் மேசைல இருந்த சின்ன பிள்ளையாரையும் எடுத்து பையில வெச்சுட்டு கிளம்புனாங்க. ஆறு போகம் எரு போடாம விளைய வெச்சுட்டு மண்ணு சரியில்லன்னு சொன்ன மாதிரிதான் அது, இப்ப நெனச்சாலும் எனக்கு ஆறல.

சரி, எங்க எத எழுதுறது? ஹெச்ஆர் டிபார்ட்மென்ட்டுக்கு மனிதவளத் துறை, தமிழ்நாடு அரசே மனிதவள மேலாண்மைத் துறைன்னுதான் வெச்சிருக்கு. இலங்கையில மனிதவள முகாமைத்துவம்னு எழுதுவாங்க, அங்க டெவலப்மென்ட்டுக்கு அபிவிருத்தி, இங்க மேம்பாடு, ரெண்டுமே சரிதான். ஒரு இடத்துல இருக்கிற மொத்த பணியாளர்களுக்கு அங்க ஆளணின்னு ஒரு அருமையான சொல்லு புழங்குது, நாமளும் தாராளமா எடுத்துக்கலாம். தலைய எண்ணிக் கேக்கும்போது மட்டும் மனிதவளமும் வேணாம் ரிசோர்ஸும் வேணாம், ‘இன்னும் ரெண்டு பேர் கேட்டிருக்கேன்’னு சொன்னா போதும். எங்க டீம் ஷீட்ல அந்த வரிசைக்கு பெயர்னு தலைப்பு மாத்தி, ஒவ்வொருத்தர் பேரையும் நான் எழுதி வெச்சிருக்கேன், கடைசியா ஒரு வரிசை சேத்து இந்த வருஷம் அவங்க என்ன புதுசா கத்துக்கிட்டாங்கன்னும் போட்டிருக்கேன், அதுல மூணு கட்டம் இன்னும் காலியாத்தான் இருக்கு.