தொட்டியில் ஏறிய மெட்டாடேட்டா

போன வாரம் தரமணியில் ஒரு கருத்தரங்கு. பொருட்களின் தன்மையையும் பாய்மங்களின் (திரவமும் வாயுவும் சேர்ந்தது) ஓட்டத்தையும் கணினியில் கணக்கிட்டுப் பார்க்கும் மாதிரிகளுக்கு மெட்டாடேட்டாவை, அதாவது தரவைப் பற்றிய விவரத்தை, எப்படி வரையறுப்பது என்று பேசினார்கள். திரையில் அதற்குத் தமிழாகத் திரும்பத் திரும்ப 'மேல்நிலைத் தரவு'. சென்னைக்காரனுக்கு மேல்நிலை என்றால் பள்ளிக்கூடம், இல்லாவிட்டால் நீர்த்தேக்கத் தொட்டி.

'மெட்டா' கிரேக்கச் சொல். பின், அப்பால் என்று பொருள். அரிஸ்டாட்டிலின் நூல்வரிசையில் இயற்பியலுக்குப் பின்னால் வைத்ததால்தான் மெட்டாபிசிக்ஸ். 'டேட்டா' லத்தீனில் தரப்பட்டவை. நம் 'தரவு'ம் 'தா'விலிருந்து பிறந்ததுதான். சரி, அதில் சண்டையில்லை; சண்டை முன்னொட்டில்.

இதில் மேல் எங்கே வந்தது? ஒரு கோப்பில் 'பாகுநிலை 0.8' என்று மட்டும் இருக்கிறது. பாகுநிலை என்றால் பாய்மம் ஓடுவதற்குத் தானே காட்டும் எதிர்ப்பு. மில்லிபாஸ்கல்-நொடி என்ற அலகில், 30 டிகிரி செல்சியஸில், தண்ணீருக்கு அது சரி. 20 டிகிரியில் 1.0 ஆகிவிடும். அதோடு பாகுநிலையே இரண்டு வகை. ஒன்றில் தண்ணீர் காற்றைவிடச் சுமார் 50 மடங்கு. அடர்த்தியால் வகுத்த மற்றதில் காற்று தண்ணீரைவிடச் சுமார் 15 மடங்கு! எந்த வகை, என்ன அலகு, எந்த வெப்பநிலை என்று சொல்வதுதான் மெட்டாடேட்டாவின் வேலை. ஐரோப்பாவில் 2018-இல் வெளியான பொருள் மாதிரியாக்க உடன்பாடும் இப்படித்தான் கேட்கிறது: எதைக் கணக்கிட்டீர்கள், எந்தச் சமன்பாட்டால், எந்தத் தீர்வுமுறையில், கிடைத்த விடையை அப்புறம் என்ன செய்தீர்கள். இது எண்ணுக்குப் பக்கத்தில் உட்காரும் விவரம், தலைமேல் ஏறும் விவரமல்ல.

'மீத்தரவு' என்பார்கள் தனித்தமிழ் நண்பர்கள். எனக்கும் 'மீ' பிடிக்கும். ஆனால் அதை ஏற்கெனவே மீயொலி (அல்ட்ராசவுண்ட்), மீக்கடத்தி (சூப்பர்கண்டக்டர்), மீயுரை (ஹைப்பர்டெக்ஸ்ட்) என்று மூன்று வீட்டுக்கு வேலைக்கு அனுப்பிவிட்டோம். எல்லா வீட்டிலும் 'மிகுந்த, கடந்த' என்றே பொருள். மீக்கடத்தியைப் பற்றிய ஒரு கோப்பில் 'மீத்தரவு' என்று பார்க்கும் மாணவன் அதை அபாரமான தரவு என்று நினைத்தால் அவன்மேல் என்ன தப்பு? வேகமாகச் சொன்னால் மீதத் தரவு என்றுகூடக் காதில் விழும்.

நான் 'தரவுக்குறிப்பு' என்கிறேன். குறிப்பு என்றால் ஏதோ ஓரத்தில் கிறுக்கியது போலிருக்கிறதே என்று மறுக்கிறார்கள். ஜாதகக் குறிப்பு கிறுக்கலா? பிறந்த நாள், நேரம், ஊர் என்று கட்டம் கட்டமாகக் கேட்கிறார்கள். ஒன்று விட்டுப்போனாலும் ஜோசியர் கணிக்க மாட்டேன் என்கிறார். தொடக்க நிலை தெரியாமல் ஓட்டத்தைக் கணிக்க முடியாது என்பதை அவரிடமே கற்கலாம்.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைத் திறப்பதோடு சரி, பாடநூலைத் திறப்பதில்லை. ஒன்பதாம் வகுப்பு அறிவியலிலேயே 'பாய்மங்கள்' இருக்க, திரையில் காற்றோட்டப் படத்துக்குக் கீழே 'திரவம்'. அடுத்த படத்தில் பொருட்களுக்கான மாதிரி 'பொருளியல் மாதிரி' ஆகியிருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் என் பக்கம் சாய்ந்து, "பட்ஜெட் பத்திப் பேசப் போறாங்களா சார்?" என்றார்.