காயில் மாற்றினால் மைலேஜ் ஏறாது

இந்த மாதத்தில் மூன்றாவது அம்பாசடர், கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். மூன்றும் ஒரே கதை. பழைய பாயின்ட்டுக்குப் பதிலாக மாட்ட நெட்டில் வாங்கிய எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட், கூடவே பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் காயிலுக்குப் பதிலாகச் சிவப்பு நிறத்தில் ஒரு 'பவர் காயில்'. வண்டியை ஓரம் கட்டிவிட்டு, சாவியை ஆனில் வைத்துப் பாட்டுக் கேட்டிருக்கிறார்கள். காயில் இழுக்கும் கரண்ட் நிற்காமல் ஓடி, கிட் கருகிவிட்டது.

"40,000 வோல்ட் சார், மைலேஜ் ஏறும்" என்று சொல்லி விற்கிறார்கள். பிளக் முனையில் இருக்கும் இடைவெளியைத் தாண்ட எவ்வளவு வோல்ட் வேண்டுமோ, அவ்வளவு ஏறியதுமே பொறி பாய்ந்துவிடும். 1489 சிசி பெட்ரோல் இன்ஜினுக்குப் பொதுவாக அதில் பாதிகூடத் தேவையில்லை. டப்பாவில் போட்டிருக்கும் 40,000 டப்பாவிலேயே இருக்கும். மைலேஜ் போனது வேறு இடத்தில். பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், வேகத்துக்கு ஏற்ப பொறி பாயும் நேரத்தை (டைமிங்) முன்னே தள்ளும் அட்வான்ஸ் வெயிட் துருப்பிடித்து நின்றிருக்கும், இல்லையென்றால் லோடுக்கு ஏற்ப அதே வேலையைச் செய்யும் வேக்குவம் டயாஃப்ரம் கிழிந்திருக்கும். மூடியைக் கழற்றிவிட்டு வேக்குவம் குழாயை வாயால் உறிஞ்சிப் பாருங்கள், பிளேட் அசைகிறதா என்று. கிட் போட்ட பிறகும் அதே வெயிட், அதே டயாஃப்ரம்தான் வேலை பார்க்கின்றன. எத்தனை தடவை சொல்வது!

கிட் மோசம் என்று சொல்ல வரவில்லை. பாயின்ட், அதாவது காயிலுக்குப் போகும் கரண்டை வெட்டிவிடும் சின்ன சுவிட்ச், தேயத் தேய டைமிங் பின்னுக்குப் போகும் தொல்லை போய்விடும். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டைத் தாங்கும் புஷ் கொஞ்சம் ஆடினாலும் தாங்கிக்கொள்ளும். என் வண்டியில் இன்னும் பாயின்ட்தான், அது என் பிடிவாதம்.

சரி, மாட்டியே தீருவேன் என்றால் முதலில் காயிலை மீட்டரில் அளந்துவிடுங்கள். 3 ஓம் என்றால் 4 ஆம்பியர் இழுக்கும். 1.5 ஓம் காயிலைப் பல்லாஸ்ட் (கரண்டைக் குறைக்கும் ரெசிஸ்டர்) இல்லாமல் மாட்டினால் 8. எத்தனை ஓமுக்குக் கீழே போகக் கூடாது என்று கிட்டோடு வரும் தாளிலேயே இருக்கும், அதை யார் படிக்கிறார்கள்? பழைய மாரிஸ், ஆஸ்டின் வைத்திருப்பவர்கள் பாடி எர்த், அதாவது பாடியோடு சேர்ந்திருக்கும் பேட்டரி முனை, பாசிட்டிவா நெகட்டிவா என்று பார்க்காமல் ஒயரைத் தொடாதீர்கள். பிளக் ஒயர் வெறும் செம்புக் கம்பியாக இருந்தால் சில கிட்கள் தடுமாறும், கார்பன் ஒயர் போடுங்கள். அப்புறம் டைமிங் லைட் பிடித்து டைமிங்கைத் திரும்ப வையுங்கள்.

பாட்டு வேண்டுமென்றால் ரேடியோவுக்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு தனி லைன் இழுத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் ஓடாதபோது சாவி ஆனில் இருக்கவே கூடாது.

கழற்றிய பாயின்ட்டையும் அதோடு இருந்த கன்டென்சரையும் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். துணியில் சுற்றி டிக்கியில் வைத்தால், ராத்திரி உளுந்தூர்பேட்டைப் பக்கம் கிட் படுத்துவிட்டாலும் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு வீடு வந்து சேரலாம். மூன்றாவது வண்டிக்காரர் தன்னுடையதைப் பழைய இரும்புக் கடையில் போட்டிருந்தார்.