ஹெர்ஸ்டோரி: பெண்நோக்கு வரலாறு

ஆங்கில ‘ஹிஸ்டரி’யின் தலையில் ‘அவனுடைய’ என்று பொருள்படும் ‘ஹிஸ்’ ஒளிந்திருப்பதாக வைத்துக்கொண்டு, அதை எடுத்துவிட்டு ‘அவளுடைய’ என்னும் ‘ஹெர்’ரைப் பொருத்தினால் ‘ஹெர்ஸ்டோரி’. அமெரிக்கப் பெண்ணியர் ராபின் மார்கன் 1970இல் தொகுத்த நூலில் இச்சொல் வருகிறது. நடந்ததைப் பெண்களின் இடத்தில் நின்று சொல்லும் வரலாறு என்பது பொருள்.

இது சிலேடைதான், சொற்பிறப்பு விளக்கமாகக் கொள்ளக் கூடாது. மூலச்சொல் கிரேக்க ‘ஹிஸ்டோரியா’, அதாவது விசாரித்து அறிதல். ‘அவன்’ அதில் எங்கும் இல்லை.

ஆப்பிரிக்க நாவல்களில் இந்த விசாரணை எப்படி நடக்கிறது? 1873இல் இன்றைய ஜாம்பியாவில் இறந்த ஸ்காட்லாந்து மறைப்பணியாளரும் பயண ஆய்வாளருமான டேவிட் லிவிங்ஸ்டனின் உடலை அவருடைய பணியாட்கள் கிழக்குக் கடற்கரையிலுள்ள பகமோயோ வரை சுமந்து சென்றார்கள். அந்தக் குழுவில் இருந்த ஜேக்கப் வெயின்ரைட்டின் நாட்குறிப்பு கிடைத்திருக்கிறது. சமையல்காரி ஹலிமா எழுதி வைத்தது எதுவுமில்லை. லிவிங்ஸ்டனின் குறிப்புகளில் அவரைப் பற்றிச் சில வரிகள் வருவதோடு சரி. ஜிம்பாப்வேயின் பெட்டினா கப்பா தன் 2019ஆம் ஆண்டு நாவலில் கதையை முதலில் ஹலிமாவின் வாயால்தான் சொல்ல வைக்கிறார், வெயின்ரைட்டின் முறை பிறகுதான்.

அதே ஆண்டு வந்த எத்தியோப்பிய எழுத்தாளர் மாசா மெங்கிஸ்டேயின் ‘தி ஷேடோ கிங்’, 1935 இத்தாலியப் படையெடுப்பைப் பேசுகிறது. வேலைக்காரப் பெண் ஹிருத்திடம் அவள் தந்தையின் துப்பாக்கி இருக்கிறது. வீட்டு எஜமான் அதைப் பறித்துக்கொள்கிறார். பின்னால் அவளே போராளியாகிறாள். இந்த நாவலுக்காகப் பல ஆண்டுகள் தேடிய மெங்கிஸ்டேவுக்கு, தன் கொள்ளுப்பாட்டியே துப்பாக்கியோடு அந்தப் போருக்குப் போனவர் என்பது தாய் சொல்லித்தான் தெரியவந்தது. ஆவணக் காப்பகம் தராததை அடுப்படிப் பேச்சு தந்துவிட்டது!

தமிழில் எப்படிச் சொல்வது? வரல் + ஆறு, வந்த வழி. ‘வரலாறு’ என்ற சொல்லில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை; எனவே சிலேடையைத் தமிழில் பிடிக்க முயல்வது வீண். ‘அவள்கதை’ என்றால் யாரோ ஒருத்தியின் கதை என்றாகிவிடும். ‘பெண்கள் வரலாறு’ பொருளைச் சுருக்குகிறது: அது பெண்களைப் பற்றியது, ஆண் நோக்கிலும் எழுதலாம். ‘பெண்வழி வரலாறு’ காதுக்கு இனிமைதான். ஆனால் ஆறு என்பதும் வழிதான். போதாக்குறைக்குக் குறளின் ‘பெண்வழிச் சேறல்’ அதிகாரம் மனைவி சொல்படி நடப்பவனைப் பழிப்பது. எஞ்சுவது ‘பெண்நோக்கு வரலாறு’. புணர்ச்சி விதிப்படி ‘பெண்ணோக்கு’ என்றாகும். படிப்பவர் தடுமாறாமலிருக்கப் பிரித்தெழுதுவதே மேல்.

நாவல்களைக் குறிக்கும்போது ‘பெண்நோக்கு வரலாற்றுப் புதினம்’ என்று முழுதாக எழுத வேண்டும். கடைசிச் சொல்லை விட்டால், கப்பா புனைந்த ஹலிமாவின் பேச்சை ஹலிமாவே சொன்ன சாட்சியமாக யாராவது மேற்கோள் காட்டிவிடுவார்கள்.